பன்னிரண்டாம் வீடியோ

அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து அரை மைல் உள்ளே தள்ளி இருந்த அந்தக் கலை அறிவியல் கல்லூரிக்கு 2009ஆம் ஆண்டு ஒரு யோகம் அடித்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் நடத்திக்கொண்டிருந்த ஒரே ஆசிரியர் சிறுசேரி சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு கல்லூரியாக இருந்தால் கலங்கிப் போயிருக்கும். தாளாளர் ரவிச்சந்திரன் கலங்கவில்லை. அவர் அரிசி மில்லை நடத்திவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். ஒரு மிஷின் நின்றால் இன்னொரு மிஷினைப் போட்டு ஓட்டத் தெரிந்தவர்.

"வாத்தியார்னா வுட்டுட்டுப் பூடுவாரு. வீடியோ எங்கய்யா பூடும்?" என்று கேட்டார்.

வடக்கே ஏதோ ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் தன் வகுப்புகளை வீடியோ எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் தாளாளருக்குக் கல்வியின்மேல் இருந்த பற்று இரண்டு மடங்கானது. கல்லூரிக்கென்று இருந்த ஒரே பிராட்பேண்ட் இணைப்பு அவருடைய அறையில்தான் இருந்தது. மாதத்துக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. பதினொரு வீடியோ இறங்கியதும் அளவு தீர்ந்துபோனது. உடனே, 'டேட்டா ஸ்ட்ரக்சர்' பாடத்துக்குப் பதினொரு வீடியோதான் போர்ஷன் என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். பேராசிரியர் நாற்பது வகுப்பு எடுத்திருந்தார் என்பது அவருடைய சொந்தப் பிரச்சினை.

வீடியோவை நடத்த ஆனந்தன் சார் நியமிக்கப்பட்டார். அவர் கணக்கில் எம்.எஸ்சி. படித்தவர், நல்ல மனிதர், எதற்கும் பயப்படுவார். முன்பு நெல் மூட்டை அடுக்கிவைத்த கொட்டகை இப்போது செமினார் ஹால். அங்கே திரையைக் கட்டி, புரொஜெக்டரைப் போட்டு, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அவர் வேலை முடிந்தது. யாராவது சந்தேகம் கேட்டால் வீடியோவைப் பின்னால் தள்ளி அதே இடத்தை மறுபடி போடுவார். அப்படியும் புரியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

மாணவர்கள் லேசுப்பட்டவர்களா? பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு வளர்ந்த பிள்ளைகள். திரையில் பேராசிரியர் எழுதிய ஒவ்வொரு வரியையும் நோட்டில் இறக்கி, இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆறாம் நிமிடத்தில் பேராசிரியர் இருமுவார். அந்த இடத்தில் 'இருமல்' என்று எழுதி அடைப்புக்குறி போட்டிருந்தவர்களும் உண்டு. அவர் "புரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோதெல்லாம் நாற்பத்திரண்டு தலைகளும் திரையைப் பார்த்து ஆடின.

கம்ப்யூட்டர் இல்லாத கல்லூரி என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. பதினெட்டுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும், மேலே பூப்போட்ட துணி உறை இருக்கும். லேப் சாவி தாளாளரின் இடுப்பில் இருந்தது. ஆயுத பூஜைக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் திறப்பார்கள்.

அந்த நாற்பத்திரண்டு தலைகளில் கடைசித் தலை வேண்டா. வருகைப் பதிவேட்டில் ஆங்கில அகர வரிசைப்படி முதல் பெயர் ஆதித்யா. அவன் தாளாளரின் அக்கா மகன். கடைசிப் பெயர் வேண்டா. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் துரையின் மூன்றாவது மகள். மூன்றும் பெண்ணாகப் போய்விட்டதே, இனி பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக அந்தப் பெயரை வைத்தார்கள். சாமிக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. நான்காவதும் பெண்ணாகவே பிறந்தது. அதற்கு மேல் சாமியோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவளுக்குப் பிரதீபா என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள்.

துரைக்குக் கடலை விவசாயத்தோடு ஒரு குட்டியானை வண்டியும் இருந்தது. சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் போய் வருவார். மகளிடம் அவர் போட்டிருந்த ஒப்பந்தம் ஒரே வரிதான்.

"சிறுசேரி கம்பெனிக்கு இட்டுனு போறாங்களாமே, அந்த லிஸ்டுல உம் பேரு வந்தா நீ வேலைக்குப் போ. வர்லன்னா தை மாசம் மாமன் மவனுக்குப் பரிசம் போட்டுர்றேன். அப்பால என்னாண்ட வந்து அழக் கூடாது."

மாமன் மகன் கெட்டவன் இல்லை. மதுராந்தகத்தில் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருந்தான். ஆனால் வேண்டாவுக்கு அவனும் வேண்டாம், அவன் கடையும் வேண்டாம். கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும் பஸ்ஸில் ஓர் இடம் வேண்டும். மாடல் தேர்வில் எல்லாப் பாடத்திலும் நாற்பது எடுத்தவர்கள் பெயர்தான் பஸ் லிஸ்டில் வரும் என்பது கல்லூரியின் சட்டம்.

கோளாறு பதினோராம் வீடியோவில் இருந்தது. வரிசையாக அடுக்கிய பெயர்களில் ஒரு பெயரைத் தேடிப் பிடிக்கும் புரோகிராம் அது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நட்ட நடுவில் திற. தேடும் பெயர் அதற்குப் பின்னால் என்றால் முன்பாதியைத் தள்ளு, முன்னால் என்றால் பின்பாதியைத் தள்ளு. மீதியில் மறுபடி நடுவில் திற. அகராதியில் சொல் தேடும் எவரும் தானாகவே செய்கிற வேலைதான். பேராசிரியர் அதைப் பலகையில் அழகாகப் பதினான்கு வரியில் எழுதினார்.

மற்ற நாற்பத்தொரு பேரும் பதினான்கு வரியையும் மனப்பாடம் செய்தார்கள். வேண்டாவுக்கும் மனப்பாடம் வரும். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எழுதியதைச் செய்து பார்ப்பாள். கம்ப்யூட்டரைத் தொடவிடாத கல்லூரியில் அவளே கம்ப்யூட்டராக மாறி, விரலை வைத்து வரிவரியாக ஓடிப் பார்ப்பாள். கடலை ஆய்ந்துகொண்டே வகுப்புப் பெயர்ப் பட்டியலை எதிரில் விரித்து வைத்து, தன் பெயரையே தேடினாள்.

நடுவில் திறந்தாள், இருபத்தொன்று. தன் பெயர் அதற்குப் பின்னால். அடுத்து முப்பத்தொன்று. பிறகு முப்பத்தாறு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று ஸ்ரீதேவி. இன்னும் பின்னால் போ என்றது புரோகிராம். போனால் மறுபடி நாற்பத்தொன்று. மறுபடி ஸ்ரீதேவி. புரோகிராம் ஸ்ரீதேவி வீட்டு வாசலிலேயே நின்று, "வேண்டா இருக்காளா?" "அடுத்த வூடு." "சரி. வேண்டா இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டுக்கு வரவே இல்லை.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மூன்று முறை முதலிலிருந்து ஓடினாள். மூன்று முறையும் ஸ்ரீதேவி வீட்டைத் தாண்டவில்லை. அப்புறம்தான் ஒன்பதாம் வரி கண்ணில் பட்டது. முன்பாதியைத் தள்ளும்போது, திறந்து பார்த்து இல்லை என்று தெரிந்துவிட்ட அந்த நடுப்பெயரையும் சேர்த்துத் தள்ள வேண்டும். ஒன்று கூட்டினால் போதும். பேராசிரியர் கூட்டவில்லை. வேண்டா கூட்டிப் பார்த்தாள். இருபத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தேழு, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஆறாவது தடவையில் அவள் தன்னையே கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷத்தில் மடியில் இருந்த கடலைத் தோல் முழுவதும் தரையில் கொட்டியது. அம்மா திட்டினாள்.

மாடல் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது, இருபது மதிப்பெண்ணுக்கு. வேண்டா ஒன்பதாம் வரியைத் திருத்தி எழுதினாள். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தக் கேள்விக்கு முட்டை. மொத்தம் முப்பத்து நான்கு. மற்ற நாற்பத்தொரு பேரும் தேறியிருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் அந்தக் கேள்விக்கு இருபதுக்கு இருபது.

ஆனந்தன் சாரிடம் ஓடினாள்.

"சார், நான் எழுதினதுதான் சார் ஓடும். வீடியோல இருக்கறது ஓடாது."

"இதப் பாரும்மா. கீ ஆன்சர் வீடியோதான். உன்னோடது ஒரு வரி மாறியிருக்கு. ஸ்டெப் மார்க் குடுக்கலாம்னு பாத்தா, மாறினா முழுசும் தப்புன்னு ஆர்டர்."

"சார், என் பேர வச்சுத் தேடிப் பாருங்க சார். கெடைக்காது."

ஆனந்தன் சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஆசை இருந்திருக்கும். அதற்குள் தாளாளர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார்.

"எதுக்கு அவ பேர வச்சித் தேடணும்? மொத பேர வச்சித் தேடு."

முதல் பேர் ஆதித்யா. இருபத்தொன்று, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று. ஐந்தாவது தடவையில் ஆதித்யா கிடைத்துவிட்டான். தாளாளரின் அக்கா மகன் எந்தத் தேடலிலும் கிடைக்கத்தானே செய்வான்.

"கெட்ச்சிட்டானா? அப்ப இன்னா தப்பு இதுல? ஊர்ல அவ்ளோ பெரிய வாத்தியார் எய்தினது தப்பு, செய்யூர்ல கடலக்கா ஆயுற பொண்ணு எய்தினது ரைட்டா?"

ஆனந்தன் சார் பதிவேட்டை மூடினார். வேண்டாவுக்கு அவர்மேல் வந்த கோபம் தாளாளர்மேல்கூட வரவில்லை. தாளாளருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர் பதிவேட்டை மூடிய அவசரத்திலேயே தெரிந்தது.

இனி அந்தப் பேராசிரியரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வீடியோவுக்கு அடியில் யாராவது எதையாவது எழுதியிருப்பார்கள், நாமும் எழுதுவோம் என்று எண்ணம். சனிக்கிழமை துரை செங்கல்பட்டுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது வண்டியில் தொற்றிக்கொண்டாள். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு பிரவுசிங் சென்டர். இறக்கிவிட்டுப் போகச் சொன்னால் துரை போகவில்லை. வயசுப் பெண்ணைத் தட்டி மறைத்த பெட்டிக்குள் தனியாக விட்டுவிட்டுப் போக அவர் தயாராக இல்லை. தோளில் துண்டோடு அவரும் உள்ளே வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

பதினோராம் வீடியோவைத் தேடப் போனவள் கண்ணில் அதற்குக் கீழே பன்னிரண்டாவது பட்டது. அதை யாரும் பார்த்ததில்லை. போர்ஷனில் இல்லாததை யார் பார்ப்பார்கள்? சும்மா தட்டினாள். திரையின் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இன்னாமே, சுத்திகினே கீது? படம் எப்ப வரும்?"

"லோடாவுது நைனா. கொஞ்சம் இரு."

துரை உட்கார்ந்த இடத்துக்கே ஒரு டீ வரவழைத்துக் குடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு டீயும் குடித்து முடித்தபோது பேராசிரியர் வந்துவிட்டார். அதே சட்டை, அதே இருமல். பலகையில் பதினோராம் வகுப்பின் புரோகிராம் இருந்தது. அவர் ஒன்பதாம் வரியைத் தொட்டுக் காட்டி, சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிறகு அந்த வரியின் ஓரத்தில் ஒன்றைக் கூட்டி எழுதினார். வேண்டாவுக்குக் கண் கலங்கியது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னா சொல்றாரு அந்த ஆளு?" என்று பதறினார் துரை.

"போன கிளாஸ்ல நான் எழுதினது தப்பு, ஒரு ஸ்டூடண்ட் வந்து சொன்னான், எல்லாரும் திருத்திக்கோங்கன்றாரு நைனா."

துரை திரையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அத்தினி பேரு முன்னால ஒத்துக்கினாரா?"

"ஆமா."

"அப்ப பெரிய வாத்தியார்தான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் உடனே சேர்த்துச் சொன்னார்: "ஆனா எனுக்கு லிஸ்டுதான் கணக்கு. போய் உங்க காலேஜுல சொல்லு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை வேண்டா திங்கட்கிழமை தெரிந்துகொண்டாள். தாளாளர் அறையில் ஆனந்தன் சாரும் நின்றிருந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நம்பாவிட்டால் இந்த அறையிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றாள்.

"எத்தினியாவது வீடியோ?"

"பன்னெண்டாவது சார். தொடங்கின உடனே வருது."

தாளாளர் மேசை டிராயரிலிருந்து அந்தச் சுற்றறிக்கையை எடுத்தார். அவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. படித்துக் காட்டினார். "போர்ஷன் இன்னா? பதினொண்ணு. இந்தத் திருத்தம் எங்க கீது? பன்னெண்டுல. அப்ப அது போர்ஷன்லயே இல்ல. போர்ஷன்ல இல்லாதத நீ எதுக்கு எய்தின?"

தவறு பாடத்திட்டத்துக்கு உள்ளே இருந்தது, திருத்தம் வெளியே இருந்தது.

"நாப்பத்தொரு பேருக்கு மார்க் போட்டு ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. உன்னோடது ரைட்டுன்னா அவங்கள்லாம் பெயிலு. பஸ்ல உன்ன ஒருத்திய இட்டுனு போவவா?" என்றார் தாளாளர். பிறகு, மில்லில் உமி வாங்க வருகிறவர்களிடம் காட்டும் தயாள குணத்தோடு சொன்னார்: "பொண்ணு பாவம். மறுதேர்வு எய்தட்டும். புதன்கெயம. ஒயுங்கா எய்தினா வியாயக்கெயம பஸ்ஸு."

ஆனந்தன் சார் மேசைமேல் இருந்த காகித எடையை நகர்த்தி, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

புதன்கிழமை செமினார் ஹாலில் வேண்டா ஒருத்திதான். கேள்வித்தாள் பழையதே. புதிதாக ஒன்று எழுத யாருக்கு நேரம்? மற்ற கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டு அந்த இருபது மதிப்பெண்ணுக்கு வந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். சரியாக எழுதினால் தை மாதம் பரிசம். தப்பாக எழுதினால் பஸ். மூன்று வருஷம் படித்தது ஒரு தப்பைத் தப்பில்லாமல் எழுதுவதற்கா? யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. எதிரில் வெறும் திரைதான் இருந்தது.

பேனாவை எடுத்தாள். வீடியோவில் உள்ள பதினான்கு வரியையும் அப்படியே எழுதினாள். ஒன்பதாம் வரியில் கை தானாக ஒன்றைக் கூட்டப் போனது. பிடித்து நிறுத்தினாள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே அதே பதினான்கு வரியை மறுபடி எழுதினாள், இந்த முறை ஒன்பதாம் வரியில் ஒன்றைக் கூட்டி. ஓரத்தில் தமிழில் எழுதினாள்: 'மேலே உள்ளது மதிப்பெண்ணுக்கு. கீழே உள்ளது ஓடுவதற்கு.'

வியாழக்கிழமை காலை கல்லூரி வாசலில் திருவிழாக் கூட்டம். இன்டர்வியூ முடிந்ததும் பஸ் அப்படியே மகாபலிபுரம் போய், கடலைக் காட்டிவிட்டுத் திரும்பும் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அதனால் நாற்பத்தொரு பேரும் புளிசாதப் பொட்டலமும் மாற்றுத் துணியுமாக வந்து நின்றார்கள். சர்டிபிகேட் எடுத்து வராதவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கேமரா எடுத்து வராதவர்கள் யாரும் இல்லை.

ஆனந்தன் சார் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். ஆதித்யா முதலில் ஏறி ஜன்னலோரம் பிடித்தான். ஒவ்வொருவராக ஏறினார்கள். நாற்பத்தொன்று, ஸ்ரீதேவி. அவள் ஏறியதும் சார் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சாலையோரம் குட்டியானையை நிறுத்தி அதன்மேல் சாய்ந்திருந்த துரை நிமிர்ந்து நின்றார்.

"வேண்டா" என்றார் சார்.

அவள் படியில் கால் வைத்தபோது நான்காக மடித்த விடைத்தாளைக் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. துரை அங்கிருந்தே, "பத்தரமா போய்ட்டு வாம்மே" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இருக்கையெல்லாம் நிரம்பியிருந்தது. டிரைவர் பக்கத்தில் எஞ்சின்மேல் இருந்த சூட்டுப் பலகைதான் மிச்சம். அதில் உட்கார்ந்து விடைத்தாளைப் பிரித்தாள். மொத்தம் ஐம்பத்து நான்கு. மேலே இருந்த புரோகிராமுக்கு வட்டம் போட்டு இருபதுக்கு இருபது. கீழே இருந்த புரோகிராமின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'தேவையில்லை' என்று ஆனந்தன் சாரின் குண்டு எழுத்து. வேண்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கசக்கி ஜன்னல் வழியாக எறியத்தான் கையை மடக்கினாள்.

அப்போதுதான் அது தெரிந்தது. சிவப்புக் கோட்டுக்கு அடியில், ஒன்பதாம் வரியின் கடைசியில், அவள் கூட்டிய ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன டிக். பென்சிலில் போட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நாளை யாராவது கேட்டால் அழித்துவிட வசதியாக, அவ்வளவு மெல்லியதாகப் போட்டிருந்தார்.

பஸ் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியது. பின்னால் பாட்டுச் சத்தம் தொடங்கிவிட்டது. வேண்டா மடியில் பையை வைத்து, அதன்மேல் விடைத்தாளை விரித்து, பேனாவைத் திறந்தாள். வண்டி குலுங்கி நிற்கும் ஒரு சிக்னல் வரும்வரை காத்திருந்து, அந்தப் பென்சில் டிக்கின் மேலேயே பேனாவால் அழுத்தி இன்னொரு டிக் போட்டாள்.